செம்பனைக் கூட்டுப்புழுவிலிருந்து வந்த பச்சைக் குளவி: இதன் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்ட கேள்வி இது. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் ஆறாம் படிவ மாணவர், செம்பனை மட்டையில் தொங்கிய கூட்டுப்புழுக்களை (இலைத் துணுக்குகளால் பைபோலக் கூடு கட்டி அதற்குள்ளேயே வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களை) பள்ளி ஆய்வுக்காகப் பறித்து வந்து பாட்டிலில் வைத்திருக்கிறார். ஒரு கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத, கருத்துப் பச்சையாக மின்னும் பூச்சிகள் சில வெளியே வந்தன. கைப்பேசிச் செயலி ஒருமுறை 'டிரைக்கோகிராமா' என்கிறது, ஒருமுறை 'பிராக்கோனிட்' என்கிறது (இரண்டும் ஒட்டுண்ணிக் குளவி வகைகள்), ஒருமுறை ஈ என்கிறது. இது எந்தக் குடும்பம், அதை எப்படி உறுதி செய்வது என்று கேட்கிறார். பள்ளி நுண்ணோக்கியில் எடுத்த நான்கு படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, முதலில் நேரடிப் பதில். இது யூலோஃபிடே குடும்பம், பெரும்பாலும் மற்றப் பூச்சிகளைத் தின்று வளரும் சிறு குளவிகள். அதற்குள் என்டிடோனினே துணைக்குடும்பம். பேரினம் பீடியோபியஸ் ஆக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இனப்பெயரை இந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தோட்டங்களில் பூச்சிக் கணக்கெடுப்பு வேலையில் இருந்தபோது உங்கள் பூச்சியின் உறவுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்துப் பழகிய கண்ணை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. அடுத்த பூச்சிக்கு நீங்களே பெயர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, படத்தில் எதை எந்த வரிசையில் பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

இறக்கையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் இரண்டாவது படத்தில் முன்னிறக்கைக்குக் கீழே சின்னதாகப் பின்னிறக்கை ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஆக மொத்தம் நான்கு இறக்கை. ஈக்கு இரண்டுதான், எனவே செயலி சொன்ன ஈ அங்கேயே கழிந்துவிட்டது. அடுத்து நரம்புகள். முன்னிறக்கையில் ஒரே ஒரு நரம்பு முன்விளிம்பை ஒட்டி ஓடி, பாதிக்கு மேல் போனதும் ஒரு குட்டிக் கிளையை உள்பக்கம் நீட்டி நின்றுவிடுகிறது. மற்ற இடமெல்லாம் வெறும் சவ்வும் நுண்மயிரும்தான். இந்த அமைப்பும், முழங்கைபோல் மடிந்த உணர்கொம்பும், உலோக மினுமினுப்பும் சேர்ந்து வந்தால், அநேகமாகக் கால்சிடாய்டியா என்ற மேற்குடும்பத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பிராக்கோனிடேயும் இக்நியூமோனிடேயும் அப்படி இருக்காது. அவற்றின் இறக்கையில் நரம்புகள் பின்னி மூடிய அறைகள் இருக்கும், உணர்கொம்பு நீண்டு பல துண்டுகளாக இருக்கும். நம் செம்பனைக் கூட்டுப்புழுவில் வரும் டோலிக்கோஜெனிடியா மெட்டெசே ஒரு பிராக்கோனிட். கோரிஃபஸ் புனோ ஓர் இக்நியூமோனிட். இரண்டும் உங்கள் தோட்டத்திலேயே இருக்க வாய்ப்புண்டு. அவற்றில் ஒன்றைப் பிடித்து, இறக்கையை உங்கள் பச்சைப் பூச்சியின் இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

கால்சிடாய்டியா சின்ன வட்டம் கிடையாது. பெயரிடப்பட்ட இனங்களே 22,000-க்கு மேல். பெயரிடாதவை அதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பதில் இத்துறையினருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 2022-இல் ரோஜர் பர்க்ஸும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் இதை 50 குடும்பங்களாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பு, வேறு எங்கும் பொருந்தாததையெல்லாம் டெரோமாலிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அதைத்தான் இப்போது உடைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய புத்தகத்தில் இருக்கும் குடும்பப் பட்டியலும் புதிய கட்டுரையில் இருப்பதும் பொருந்தவில்லையே என்று தடுமாற வேண்டாம். உங்கள் பூச்சியைப் பொறுத்தவரை அந்த மாற்றத்தால் பாதிப்பு எதுவும் இல்லை. யூலோஃபிடே பிழைத்து நிற்கிறது.

இனி முக்கியமான இடம், கால். பூச்சியின் காலில் கடைசிப் பகுதி, அதாவது தரையில் படுகிற பாதம், துண்டு துண்டாக இருக்கும். அந்தத் துண்டுகளை எண்ண வேண்டும். உங்கள் மூன்றாவது படத்தில் நடுக்கால் நன்றாக விரிந்திருக்கிறது. நான்கு துண்டு தெளிவாகத் தெரிகிறது. மூன்று என்றால் டிரைக்கோகிராமாட்டிடே. நான்கு என்றால் யூலோஃபிடே என்று முதலில் நினைக்கலாம். ஐந்து என்றால் டெரோமாலிடே, யூபெல்மிடே, கால்சிடிடே போன்ற பலவற்றில் ஒன்று. எண்ணும்போது நகம் இருக்கும் கடைசித் துண்டையும் சேர்க்க வேண்டும். முன்காலில் எண்ணாதீர்கள், அது உடம்புக்கடியில் மடிந்து ஏமாற்றும். நடுக்காலிலும் பின்காலிலும் எண்ணுங்கள், இரண்டிலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். செய்வது எளிது, ஆனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். மேலிருந்து விளக்கடித்தால் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு மறைந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி இதற்குப் போதாது. நாற்பது மடங்காவது வேண்டும்.

நான்கு துண்டு இருந்துவிட்டால் மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. என்சிர்ட்டிடேயிலும் அஃபெலினிடேயிலும் சில இனங்களுக்கு நான்குதான். மைமாரிடேயிலும் நான்கு உண்டு. அதனால் துணைக்கு இன்னும் சில அடையாளங்கள் தேவை. என்சிர்ட்டிடேயின் மார்புப் பக்கவாட்டில் ஒரு பெரிய புடைத்த தகடு இருக்கும், நடுக்காலில் தடித்த முள் இருக்கும், தொட்டால் துள்ளும். அஃபெலினிடேயில் வயிறு இடுப்பு ஒடுங்காமல் அகலமாகவே மார்போடு சேரும். மைமாரிடே மிகச் சிறியவை, பின்னிறக்கை குச்சி மாதிரி ஒடுங்கியிருக்கும். உங்கள் பூச்சியில் இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கிறது, மார்பில் புடைப்பு இல்லை, பின்னிறக்கை குச்சியாக இல்லை. போதாததற்கு, முன்காலின் கீழ்முள் குட்டையாக நேராக இருக்கிறது. டெரோமாலிடேயில் அது வளைந்து நுனி பிளந்திருக்கும். உணர்கொம்பின் நடுப்பகுதியில் துண்டுகள் நான்குக்கு மேல் இல்லை. இவ்வளவும் ஒன்றாகக் கூடி வரும்போதுதான் யூலோஃபிடே என்று அடித்துச் சொல்கிறேன்.

செயலி சொன்ன டிரைக்கோகிராமாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவை முட்டையில் மட்டும் வளர்பவை, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கூட்டுப்புழுவின் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, தன் கூட்டுக்குள்ளேயே முட்டை இடுகிறது. ஆகவே 'கூட்டிலிருந்து முட்டை ஒட்டுண்ணி வரவே வராது' என்று வாதிட முடியாது. அளவும் பாதத்துண்டும்தான் இங்கே தீர்ப்பு.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தம்பி. பச்சை, நீலம், செம்பு மினுமினுப்பு கால்சிடாய்டியாவில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. வெளிச்சம் விழும் கோணம் மாறினால் ஒரே பூச்சி பச்சையாகவும் கருநீலமாகவும் தெரியும். செயலி தடுமாறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது மொத்தத் தோற்றத்தைப் பார்க்கிறது, பாதத்தை எண்ணுவதில்லை.

குடும்பத்துக்குள் போவோம். யூலோஃபிடேயில் 4,000-க்கு மேல் இனங்களும் சுமார் 300 பேரினங்களும் உண்டு. வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர் 1829-இல் குடும்பமாக நிறுவினார். நம் பகுதியில் பெரிதாகச் சந்திப்பது மூன்று துணைக்குடும்பங்கள்: யூலோஃபினே, டெட்ராஸ்டிக்கினே, என்டிடோனினே. இவற்றைப் பிரிக்க மார்பின் மேல்புறத்தில் பின்பக்கமாக இருக்கும் தகட்டைப் பாருங்கள். ஸ்கூட்டெல்லம் என்பார்கள். அதன் மேல் தடித்த மயிர்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒரே ஒரு ஜோடி என்றால் என்டிடோனினே. இரண்டு ஜோடியும், தகட்டில் நீளவாக்கில் இரண்டு கோடும் இருந்தால் பெரும்பாலும் டெட்ராஸ்டிக்கினே. இரண்டு ஜோடியோ அதற்கு மேலோ இருந்து, இறக்கை நரம்பு இடையில் முறியாமல் ஒரே ஓட்டமாகப் போய், குட்டிக் கிளைக்கு அப்பாலும் நன்றாக நீண்டிருந்தால் யூலோஃபினே. டெட்ராஸ்டிக்கினேயில் அந்த நீட்சி இருக்காது, அல்லது பெயருக்கு ஒரு துளி இருக்கும். உங்கள் நான்காவது படத்தில் ஒரே ஜோடி மயிர். நரம்பின் முதல் பகுதியிலும் மேல்புறத்தில் இரண்டே மயிர். இரண்டும் என்டிடோனினேயைத்தான் காட்டுகின்றன. மயிர் உதிர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அது முளைத்த குழியைத் தேடுங்கள். குழி உதிராது.

பேரினத்துக்கு இன்னும் ஒரு படி. மார்பின் கடைசிப் பகுதியில், இடுப்புக்கு மேலே, நடுவில் இரண்டு மேடான கோடுகள் ஒன்றாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக விலகினால், அது பீடியோபியஸின் முத்திரை. உங்கள் படத்தில் அந்த இடம் பாதி நிழலில் இருக்கிறது. ஒரு கோடு தெரிகிறது, இன்னொன்று தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் 'வாய்ப்பு மிக அதிகம்' என்று மட்டும் எழுதினேன்.

வகைப்பாட்டில் பெயர்கள் இடம் மாறுவதைப் பார்த்து மாணவர்கள் எரிச்சல் படுவதுண்டு. எனக்கு அது பிடித்த பகுதி. எலாஸ்மஸ் என்று ஒரு பேரினம். பின்காலின் அடித்துண்டு தட்டையாகப் பெரிதாக இருக்கும், பின்காலில் கறுப்பு மயிர்கள் வைரக் கட்டம் போட்டு நிற்கும். இவ்வளவு வேறுபட்ட உருவம் இருக்கிறதே என்று நெடுங்காலம் அதைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். 2000-இல் கோத்தியே, லாசால், குயிக், காட்ஃப்ரே ஆகிய நால்வர் மரபணுவையும் வைத்து ஆராய்ந்தபோது, அது யூலோஃபிடேக்குள்ளேயே கிளைத்த ஒன்று என்று தெரிந்தது. தனிக் குடும்பம் போய்விட்டது. உருவம் எவ்வளவு விலகிப் போனாலும் பிறப்பு எங்கே என்பதுதான் கணக்கு. செம்பனைக் கூட்டுப்புழுக்களில் எலாஸ்மஸும் வருவதுண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

உங்கள் பேரினத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. பிஜித் தீவில் தென்னை ஓலைக்குள் குடைந்து தின்னும் ஒரு வண்டு தோப்புகளையே காயவைத்தது. டெய்லர் என்ற பூச்சியியலாளர் 1933-இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுபோய் விட்டார். வண்டு அடங்கியது. அந்தக் குளவியை அப்போது ப்ளூரோட்ரோபிஸ் பார்வுலஸ் என்றார்கள். இன்று பீடியோபியஸ் பார்வுலஸ் என்கிறோம், ஏனென்றால் வாக்கர் 1846-இல் வைத்த பேரினப் பெயர் முந்தியது. முந்திய பெயருக்கே உரிமை. பழைய அறிக்கைகளில் ப்ளூரோட்ரோபிஸ் என்று பார்த்தால் அது உங்கள் பூச்சியின் உறவுதான். இன்னொரு உறவான பீடியோபியஸ் ஃபோவியோலேட்டஸ், கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டின் புழுக்களில் வளர்வது. அதை 1966-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு எடுத்துப் போய் அங்கே பீன்ஸ் வண்டுக்கு எதிராக விட்டார்கள்.

இந்த இரண்டையும் படித்துவிட்டு, 'அப்படியென்றால் என் பூச்சியும் தோட்டத்துக்கு நண்பன்' என்று உங்கள் ஆய்வில் எழுதிவிடாதீர்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இந்த ஓர் இடத்துக்காகத்தான். பீடியோபியஸில் பல இனங்கள் வண்டையும் புழுவையும் நேரடியாகத் தாக்குகின்றன. வேறு பல, அந்தப் புழுவைத் தாக்கிய இன்னொரு குளவியைத் தாக்குகின்றன. அதாவது ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி. கூட்டுப்புழுவுக்குள் முதலில் ஒரு டோலிக்கோஜெனிடியா வளர்ந்து புழுவைக் கொன்றிருக்கும். பிறகு பீடியோபியஸ் வந்து அந்த டோலிக்கோஜெனிடியாவைக் கொன்றிருக்கும். கடைசியில் பாட்டிலில் உங்கள் கண்ணுக்குப் படுவது பீடியோபியஸ் மட்டும்தான். அப்படி நடந்திருந்தால், நம் பக்கம் நின்று வேலை செய்தது பாட்டிலுக்கு வரவே இல்லை.

தோட்டக் கணக்கெடுப்பில் இது உண்மையான சிக்கல். மட்டையை வெட்டிக் கூடுகளை எண்ணும்போது, ஓட்டை விழுந்த கூட்டையெல்லாம் 'ஒட்டுண்ணி தாக்கியது' என்று ஒரே கட்டத்தில் போடுகிறோம். அந்த எண்ணிக்கை ஏறினால் மருந்து வேண்டாம், குளவிகளே பார்த்துக்கொள்ளும் என்று மேலாளர் முடிவெடுக்கலாம். ஆனால் அந்த ஓட்டைகளில் பாதி இரண்டாம் கட்ட ஒட்டுண்ணி போட்டதாக இருந்தால், அடுத்த தலைமுறைக்கு நண்பர்கள் குறைவாகவே மிஞ்சியிருப்பார்கள். கூட்டுப்புழு சின்ன விஷயம் கிடையாது. இந்நாட்டில் 2013-இல் அரசிதழில் ஆபத்தான பூச்சியாகவே அறிவிக்கப்பட்டது. 1960-களில் செம்பனையில் அது பெருகி வெடித்ததற்கு, நாள்கணக்கில் நஞ்சு தங்கும் மருந்துகளைத் தெளித்து இயற்கை எதிரிகளைக் கொன்றது முக்கியக் காரணம் என்று பி. ஜே. வுட் அப்போதே எடுத்துக் காட்டினார். இந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான் இன்று தோட்டச் சாலையோரங்களில் காலையில் மலரும் அந்த 'புக்குல் லாப்பான்' செடியையும் மஞ்சள் பூக் காசியாவையும் நடுகிறார்கள். எந்தக் குளவிக்கு விருந்து வைக்கிறோம் என்று தெரிந்து வைப்பது நல்லது.

சரி, உங்கள் பூச்சி முதல் கட்டமா, இரண்டாம் கட்டமா? பூச்சியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அது வெளிவந்த கூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலிக் கூட்டை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கூரிய பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருப்பதை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். காய்ந்த புழுத்தோலோ, கூண்டுப்புழு (பியூப்பா) ஓடோ இருந்து, அதற்குள்ளேயே சின்னக் கறுப்புக் கூண்டுகளும் கழிவுத் துகள்களும் இருந்தால், நேரடியாகத் தாக்கியது என்று கருத இடமுண்டு. பட்டுநூலால் ஆன இன்னொரு குளவியின் கூடு தனியாக உள்ளே இருந்து, உங்கள் பூச்சிகளின் ஓட்டை அந்தப் பட்டுக்கூட்டில் இருந்தால், அது இரண்டாம் கட்டம். நூல்கூடு கட்டுவது பிராக்கோனிடேக்கு வழக்கம். யூலோஃபிடே பொதுவாகக் கட்டாது. ஒரு விதிவிலக்கு யூப்ளெக்ட்ரஸ். உங்கள் வீட்டுக் காய்கறிச் செடியில் முதுகில் பச்சை உருண்டைகள் ஒட்டிய புழு கிடைத்தால் அது யூப்ளெக்ட்ரஸ் குஞ்சுகளாக இருக்கலாம். செத்த புழுவுக்கு அடியில் அவை முரட்டு நூலால் வலை பின்னும். அதையும் வளர்த்துப் பாருங்கள், மிக அழகான பூச்சி. பின்காலில் இரண்டு நீண்ட முள் இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் எல்லாமே ஒட்டுண்ணி என்றும் எண்ண வேண்டாம். கோயில் பக்கத்திலும் பழைய லயத்து வேலிகளிலும் கல்யாண முருங்கை நின்றால் அதன் இலையைப் பாருங்கள். கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டிருந்தால் குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே வந்திருக்கிறது. அது செடியையே தின்னும் யூலோஃபிடே, டெட்ராஸ்டிக்கினே வகை. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரியூனியன் மாதிரிகளை வைத்து 2004-இல்தான் அதற்குப் பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே ஹவாய்த் தீவு வரை போய் அங்குள்ள கல்யாண முருங்கை இனங்களை வாட்டியது.

மீதமுள்ள கூடுகளுக்கு: ஒரு பாட்டிலுக்கு ஒரே கூடு. பல கூடுகளை ஒரே பாட்டிலில் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்பது போய்விடும், பிறகு எந்த நிபுணராலும் அதை மீட்க முடியாது. வாயில் மெல்லிய துணி கட்டுங்கள், நிழலில் வையுங்கள், தினமும் பாருங்கள். வெளிவந்த பூச்சிகள் ஒருநாள் உயிரோடு இருக்கட்டும், இறக்கை நன்றாக விரிந்து நிறம் பிடிக்கும். பிறகு எத்தனாலில் போடுங்கள். உருவம் பார்க்க மட்டும் என்றால் 70 விழுக்காடு போதும். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் 95 விழுக்காடும் உறைபெட்டியும் வேண்டும். யூலோஃபிடேயின் உடல் மென்மையானது, எத்தனாலிலிருந்து எடுத்து அப்படியே காயவைத்தால் மார்பும் முகமும் சுருங்கிப் போகும். அதனால் ஊசியில் ஒட்டும் வேலையை நிபுணரிடம் விடுங்கள். பாட்டிலுக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். தோட்டம், பிளாக் எண், கூடு பறித்த நாள், பூச்சி வந்த நாள், எந்தக் கூட்டுப்புழு, எத்தனை பூச்சி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். காலிக் கூட்டையும் அதே எண்ணில் தனி உறையில் வையுங்கள். கூட்டுப்புழுவில் மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா என்ற இரண்டும் உங்கள் பக்கம் கலந்து வரும். கூடு தொங்கும் விதத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பதால் பறிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். உங்கள் அப்பாவோ, பிளாக் மண்டோரோ (மேற்பார்வையாளர்) பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனப்பெயர் வேண்டுமென்றால், பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பூச்சி வகைப்பாட்டு மையத்துக்கு உங்கள் ஆசிரியர் மூலம் எழுதிக் கேளுங்கள். ஒன்றிரண்டு பூச்சி மட்டும் அனுப்பாமல் ஆணும் பெண்ணுமாகச் சில அனுப்புங்கள், காலிக் கூட்டையும் சேர்த்து. அதுவரை ஆய்வறிக்கையில் 'பீடியோபியஸ், இனம் உறுதியாகவில்லை' என்று எழுதினால் போதும். அது குறைபாடான பெயர் இல்லை, தொழில்முறைக் கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதுவார்கள். கூட்டைப் பிளந்து பார்த்ததும் உள்ளே கண்டதைப் படமெடுத்து அனுப்புங்கள், கூடவே மார்பின் கடைசிப் பகுதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு முறை. அந்த இரண்டாவது கோடு இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.